விசைப்பலகை யார் கையில்? – முழுத்திரை விளையாட்டுகள் விசைகளைக் கைப்பற்றிய வரலாறு



நம் பிள்ளைகள் கணினியில் ஒரு விளையாட்டைத் தொடங்குகிறார்கள். நொடிப்பொழுதில் திரை முழுவதும் அதுவே நிறைந்துவிடுகிறது. கீழேயிருந்த பணிப்பட்டை மறைகிறது. வழக்கமாக வேலை செய்யும் விசைகளில் சில அடங்கிவிடுகின்றன. இடையில் விளையாட்டு உறைந்துவிட்டால் எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. "கணினி கெட்டுவிட்டது" என்று நாம் பதறுகிறோம். பல வேளைகளில் கணினி கெட்டிருப்பதில்லை. விசைப்பலகை கைமாறியிருக்கிறது, அவ்வளவே. இந்தக் கைமாற்றத்திற்கு நாற்பதாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதை இங்கே எழுத என்னைத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஓய்வு வேளையில் நடந்தது

ஆண்டு 2002. எங்கள் பள்ளிக் கணினி அறையில் விண்டோஸ் 98 இயங்கிய பழைய கணினிகள் சில இருந்தன. அவற்றுள் ஒன்றில் நான் மாணவர்களின் தேர்வுப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தேன். ஓய்வு வேளை மணி அடித்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து, கணித விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டான். நன்றாகப் படிப்பவன், கணினியில் ஆர்வம் மிக்கவன். புள்ளிப் பட்டியலைச் சேமிக்காமலே அதன் சாளரத்தைச் சுருக்கிவிட்டு, விளையாடு என்று சொல்லி எழுந்து சென்றேன்.

திரும்பி வந்தபோது கணினி மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேர உழைப்பு அழிந்துபோனது. "என்ன செய்தாய்?" என்று உரக்கக் கேட்டேன். "விளையாட்டு நின்றுவிட்டது, ஐயா. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன்" என்றான். நான் நம்பவில்லை. கண்ட விசைகளையும் தட்டிக் கணினியைப் பாழாக்கிவிட்டாய் என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கணினி அறைக்கு வந்தால் பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். விசைப்பலகையைத் தொடமாட்டான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை என்பதை அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதை விளக்க வேண்டுமானால் முதலில் ஒரு விசையை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

2. விசைகள் எழுத்துகளை அனுப்புவதில்லை

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. பலகைக்குள்ளேயே ஒரு சிறு செயலி இருந்து, எந்த விசை அழுத்தப்படுகிறது என்பதை இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருந்தது.

நாம் 'ஏ' விசையை அழுத்தினால் 'ஏ' என்னும் எழுத்து கணினிக்குச் செல்வதாக எண்ணுகிறோம். அவ்வாறு இல்லை. செல்வது ஓர் எண். ஒவ்வொரு விசைக்கும் அது இருக்கும் இடத்தைக் கொண்டு ஓர் எண் உண்டு. எஸ்கேப் விசைக்கு எண் 1. 'ஏ' விசைக்கு 30. இடைவெளி விசைக்கு 57. விரலை எடுக்கும்போது இன்னோர் எண் செல்கிறது. அது முதல் எண்ணோடு 128ஐக் கூட்டினால் வருவது. ஆகவே 'ஏ' விசையை அழுத்தினால் 30, விட்டால் 158.

எண் வந்து சேர்ந்ததும் விசைப்பலகை கணினியின் தோளைத் தட்டுகிறது. இதனைக் கணினித் துறையினர் குறுக்கீடு என்பர். மையச் செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு கணம் நிறுத்திவிட்டு, பயாஸ் என்னும் அடிப்படை நிரலில் உள்ள ஒரு சிறு பகுதியை இயக்குகிறது. அந்தப் பகுதிதான் எண்ணைப் படித்து, அதற்குரிய எழுத்தைக் கண்டறிந்து, ஒரு சிறு வரிசையில் இட்டு வைக்கிறது. அவ்வரிசையில் 15 விசையழுத்தங்களுக்கே இடமுண்டு. அது நிரம்பிவிட்டால் கணினி 'பீப்' என்று ஒலிக்கும். அக்காலக் கணினிகளைப் பயன்படுத்தியோர் அவ்வொலியை மறந்திருக்கமாட்டார்கள்.

கடிதம் தட்டச்சு செய்வோருக்கு இந்த ஏற்பாடு போதுமானது. விளையாட்டுக்கோ இது போதவில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் முதலில் ஓர் எழுத்து வரும். ஏறக்குறைய அரை நொடி கழிந்த பின்னரே அது திரும்பத் திரும்ப வரும். துரத்தி வரும் பகைவனிடமிருந்து ஓட வேண்டிய வீரன் ஓரடி வைத்து அரை நொடி நின்றால் என்னாவது? இரண்டாவது, ஒரு விசையைப் பிடித்தபடி மற்றொன்றை அழுத்தினால் முதல் விசையின் தொடர் வருகை நின்றுவிடும். ஓடிக்கொண்டே தாவ இயலாது. மூன்றாவது, விரலை எப்போது எடுத்தார்கள் என்பதை அவ்வரிசை சொல்வதேயில்லை. விளையாட்டுக்குத் தேவை எழுத்து அன்று. இந்த நொடியில் எந்தெந்த விசைகள் கீழே இருக்கின்றன என்ற செய்தியே அதற்குத் தேவை.

3. முப்பத்தாறாம் முகவரி

இதற்கு விளையாட்டு எழுதுவோர் கண்ட வழி எளியது, துணிச்சலானதும் கூட. அக்காலக் கணினியின் நினைவகத்தில் முதல் 1024 பைட்டுகள் ஒரு முகவரிப் பட்டியலாக இருந்தன. குறுக்கீடு வந்தால் எந்த நிரல் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதை அப்பட்டியல் கூறும். ஒவ்வோர் இனத்துக்கும் நான்கு பைட்டுகள். விசைப்பலகைக்குரியது 9ஆம் எண் குறுக்கீடு. ஆகவே அதன் முகவரி 36ஆம் இடத்திலிருந்து தொடங்கும் நான்கு பைட்டுகளில் இருந்தது.

விளையாட்டு தொடங்கும்போது அந்த நான்கு பைட்டுகளை எடுத்து ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். அவ்விடத்தில் தன் சொந்த நிரல் பகுதியின் முகவரியை எழுதிவிடும். அதன் பிறகு விசைப்பலகை தட்டும் ஒவ்வொரு தட்டலும் நேராக விளையாட்டிடமே செல்லும். அது 60 என்று பதினாறடிமான எண்முறையில் குறிக்கப்படும் வாயிலிலிருந்து விசையின் எண்ணைத் தானே படித்து, 'இன்ன விசை கீழே இருக்கிறது, இன்ன விசை மேலே வந்துவிட்டது' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். 1992இல் வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் போன்ற புகழ்பெற்ற விளையாட்டுகள் எல்லாம் இவ்வாறு விசைப்பலகையைத் தம் கைக்குள் கொண்டுவந்தவையே. டாஸ் இயங்குதளம் இதைத் தடுக்கவில்லை. தடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் இயங்கும். அந்த நிரலுக்கே கணினி முழுவதும் சொந்தம் என்பதே அன்றைய நடைமுறை.

விளையாட்டு முடிந்து வெளியேறும்போது, குறித்து வைத்த பழைய முகவரியைத் திருப்பி எழுதிவிட வேண்டும். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது போன்றது இது. நல்ல விளையாட்டுகள் தவறாமல் தந்தன. ஆனால், இடையில் நிலைகுலைந்து உறைந்துபோகும் விளையாட்டு எதைத் திருப்பித் தரும்? இரவல் வாங்கியவரே மயங்கி விழுந்துவிட்டால் பொருளை யாரிடம் கேட்பது?

4. பிராட்லியின் மூன்று விசைகள்

இந்த இடத்தில் டேவிட் பிராட்லியை நினைவுகூர வேண்டும். ஐபிஎம் தனிநபர் கணினியை உருவாக்கத் தொடங்கிய பன்னிரண்டு பொறியியலாளர்களில் ஒருவர் அவர். சோதனையின்போது கணினி அடிக்கடி உறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் நேரம் வீணாகும். ஆகவே, விசைகளைக் கொண்டே மறுதொடக்கம் செய்ய ஒரு வழி அமைத்தார். முதலில் அவர் தேர்ந்தது கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். அவை மூன்றும் இடப்பக்கத்தில் நெருங்கி இருந்ததால் தவறுதலாக அழுத்தப்படும் வாய்ப்பு இருந்தது. ஆதலால் எஸ்கேப்பை விடுத்து, வலக்கோடியிலிருந்த டெலிட் விசையைச் சேர்த்தார். இரு கைகளும் சேர்ந்தால்தான் அழுத்த முடியும். தம் குழுவினருக்காக அவர் செய்த அந்த ஏற்பாடு பின்னர் உலகம் அறிந்த ஒன்றாயிற்று.

ஆனால், ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்த மூன்று விசைகளைக் கண்காணிக்கும் வேலையைச் செய்தது எது? முன்னர் நாம் கண்ட 9ஆம் குறுக்கீட்டுக்குரிய பயாஸ் பகுதியேதான். விளையாட்டு எந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுத் தன்னை அமர்த்திக்கொண்டதோ, அதே பகுதிக்குள்தான் தப்பிக்கும் வழியும் இருந்தது. ஆகவே, விளையாட்டு விசைப்பலகையைக் கைப்பற்றியதும் கதவின் சாவியும் அதனிடமே போய்ச் சேர்ந்தது. டாஸ் காலத்தில் சில விளையாட்டுகள் உறைந்தபோது மூன்று விசைகளும் பயனற்றுப் போனது இதனால்தான். கணினிப் பெட்டியின் முகப்பில் இருந்த மறுதொடக்கப் பொத்தான் ஒன்றே துணை.

5. விண்டோஸ் நடத்திய பங்கீடு

1995 ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது. இப்போது கணினியில் பல நிரல்கள் ஒருங்கே இயங்கின. விசைப்பலகையோ ஒன்றுதான். ஆகவே இயங்குதளம் நடுவராக அமர்ந்தது. விசையின் எண்ணை அது வாங்கி, முன்னணியில் எந்தச் சாளரம் இருக்கிறதோ அதற்குச் செய்தியாக அனுப்பியது. மற்ற நிரல்கள் காத்திருக்க வேண்டும்.

விளையாட்டு எழுதுவோருக்கு இது பிடிக்கவில்லை. நடுவர் வழியாக வரும் செய்தி வேகமாக இல்லை என்று கருதி டாஸிலேயே தங்கிவிட எண்ணினர். அவர்களை விண்டோஸுக்கு அழைத்துவர மைக்ரோசாஃப்டில் அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ரம் ஆகிய மூவர் முயன்றனர். அம்முயற்சியின் விளைவே டைரக்ட்எக்ஸ். 1995இல் அதன் முதற்பதிப்பு வந்தது. 1996இல் வந்த மூன்றாம் பதிப்பில் விசைப்பலகையையும் சுட்டியையும் நேரடியாகப் படிக்கும் வசதி சேர்ந்தது.

விளையாட்டு இப்போது இயங்குதளத்திடம் முறைப்படி கேட்டது: "விசைப்பலகை எனக்கு மட்டும் வேண்டும்." இயங்குதளம் இசைந்தது, ஆனால் சிலவற்றைக் கொடுக்க மறுத்தது. ஆல்ட்டும் டேப்பும் சேர்ந்த இணைப்பும், கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டும் இயங்குதளத்துக்கே உரியவை. விளையாட்டு எவ்வளவு கேட்டாலும் அவை மட்டும் இல்லை. வரலாற்றில் முதன்முறையாகத் தனிநபர் கணினியில் ஓர் இரவல் ஒப்பந்தம் எழுதப்பட்டது எனலாம்.

ஒப்பந்தம் இருந்ததே தவிர, ஓட்டைகளும் இருந்தன. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் திரைக்காப்புக்குக் கடவுச்சொல் இடலாம். கடவுச்சொல் கேட்கும்போது யாரும் மூன்று விசைகளை அழுத்தித் தப்பிவிடக் கூடாது அல்லவா? அதனால் திரைக்காப்பு இயங்கும் வேளையில் அவ்விசைகள் அடக்கப்பட்டன. இதனை அறிந்த நிரலாளர்கள் சிலர், "இப்போது திரைக்காப்பு இயங்குகிறது" என்று தம் நிரலின் வழியே இயங்குதளத்திடம் பொய் சொன்னார்கள். இயங்குதளமும் நம்பியது. ஆல்ட்-டேப்பும் மூன்று விசைகளும் அடங்கின. வெளிவழி மீண்டும் விளையாட்டின் கைக்குப் போயிற்று.

6. அந்த மாணவன் அழுத்திய இரண்டாம் முறை

என் மாணவனுக்கு நேர்ந்தது இதைவிட எளிய ஒன்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் மூன்று விசைகளை ஒருமுறை அழுத்தினால் கணினி மறுதொடக்கம் ஆகாது. இயங்கும் நிரல்களின் பட்டியலோடு ஒரு சிறு பெட்டி தோன்றும். உறைந்த நிரலை அதிலிருந்து மூடலாம். அதே பெட்டியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: மீண்டும் அந்த மூன்று விசைகளையே அழுத்தினால் கணினி மறுதொடக்கம் ஆகும், சேமிக்காதவை அழியும். முதல் அழுத்தம் 1995ஆம் ஆண்டின் பொருளைத் தரும். இரண்டாம் அழுத்தம் 1981ஆம் ஆண்டின் பழைய பொருளைத் தரும்.

முழுத்திரை விளையாட்டு விசைப்பலகையை மட்டுமன்றித் திரையையும் தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்தச் சிறு பெட்டி சில வேளைகளில் விளையாட்டின் பின்னால் தோன்றும், கண்ணுக்குத் தெரியாது. மாணவன் முதன்முறை அழுத்தியபோது பெட்டி வந்திருக்கும். எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கும். அவன் கண்டதோ உறைந்துபோன விளையாட்டின் படத்தை மட்டுமே. ஒன்றும் நடக்கவில்லை என்று கருதி, எந்தப் பிள்ளையும் செய்வதை அவனும் செய்தான். மீண்டும் அழுத்தினான். கணினி தனக்கு இட்ட கட்டளையைச் சரியாக நிறைவேற்றியது.

இதில் பிழை செய்தவர் யார்? சேமிக்காமல் எழுந்து சென்றவன் நான். மூன்று விசைகளைக் கற்பித்துவிட்டு, இரண்டாம் முறை அழுத்தினால் என்னாகும் என்பதைக் கற்பிக்காதவனும் நானே.

7. பறிக்க முடியாத விசைகள்

மைக்ரோசாஃப்டின் மற்றொரு குடும்பமான விண்டோஸ் என்டி 1993இல் வெளிவந்தது. அதில் மூன்று விசைகளுக்கு முற்றிலும் புதிய பொருள் கிடைத்தது. உள்நுழையும்போது அவற்றை அழுத்தச் சொன்னார்கள். தீயவன் ஒருவன் உள்நுழைவுத் திரை போலவே ஒரு முழுத்திரை நிரலை எழுதி வைத்தால், நாம் அறியாமல் அதில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவோம். ஆனால், மூன்று விசைகளை அழுத்தினால் அச்செய்தி இயங்குதளத்தின் கருவுக்கே செல்லும். சாதாரண நிரல் எதற்கும் செல்லாது. அதன்பின் வருவது உண்மையான உள்நுழைவுத் திரையே என்று உறுதி கொள்ளலாம். 2001இல் வந்த எக்ஸ்பி வழியாக இந்த அமைப்பு வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. திரைக்காப்புப் பொய் இங்கே செல்லுபடி ஆகவில்லை. இரண்டாம் முறை அழுத்தினால் மறுதொடக்கம் என்ற பழைய பொறியும் ஒழிந்தது. 2007இல் வந்த விஸ்டாவில் மூன்று விசைகளை அழுத்தினால் முழுத்திரை விளையாட்டையே விலக்கிக்கொண்டு தனியொரு திரை தோன்றியது. பெட்டி பின்னால் மறையும் நிலை அத்தோடு குறைந்தது.

லினக்ஸ் உலகம் இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. 1987இல் வந்த எக்ஸ்11 என்னும் சாளர அமைப்பில், விசைப்பலகையைப் 'பற்றிக்கொள்ள' எந்த நிரலுக்கும் உரிமை இருந்தது. பற்றிக்கொண்ட நிரல் உறைந்தால் மேசைத்தளம் முழுவதும் செயலற்றுவிடும். திரைப்பூட்டு நிரலும் இதே 'பற்றிக்கொள்ளும்' உரிமையைக் கொண்டே இயங்கியது. 2012 ஜனவரியில் ஒரு வேடிக்கையான, ஆனால் அச்சமூட்டும் பிழை வெளிப்பட்டது. பிடியை விடுவிப்பதற்காக நிரலாளர்களுக்கென வைத்திருந்த விசை இணைப்பு ஒன்று, எக்ஸ் அமைப்பின் புதிய பதிப்பில் எல்லார் கணினிகளிலும் செயல்படத் தொடங்கிவிட்டது. கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு எண்பலகையின் பெருக்கல் விசையை அழுத்தினால் போதும். கடவுச்சொல் இன்றியே திரைப்பூட்டு திறந்துகொண்டது. உறைந்த விளையாட்டிலிருந்து விடுவிக்கும் சாவி, வீட்டுப் பூட்டையும் திறந்துவிட்டது! 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் அமைப்பில் நிரல் தானாகப் பற்றிக்கொள்ள இயலாது. கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் மேசைத்தளத்தின் உரிமை.

8. ஐந்து முறை ஷிஃப்ட்

விளையாடும் பிள்ளைகள் அனைவரும் அறிந்த ஒரு தொல்லை உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விளையாட்டின் நடுவே ஒரு பெட்டி வந்து நிற்கும். "இதை எப்படி நிறுத்துவது, ஐயா?" என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர்.

அது தொல்லை கொடுப்பதற்காக வைத்ததன்று. இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்கள் உண்டு. ஒரே கையால், ஒரே விரலால், வாயில் கவ்விய குச்சியால் தட்டச்சு செய்வோர் உண்டு. அவர்கள் ஒவ்வொரு விசையாக அழுத்தினாலும் சேர்த்து அழுத்தியதாகக் கணினி கொள்ள வேண்டும் என்பதற்காக வந்த வசதி அது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேஸ் மையம் இத்தகைய வசதிகளை உருவாக்கியது. விண்டோஸ் 95இலிருந்து அவை இயங்குதளத்திலேயே சேர்ந்துவிட்டன. உதவி தேவைப்படுபவர் பிறர் துணையின்றித் தாமே அதனை இயக்க முடிய வேண்டும். அதற்காகவே ஐந்து தட்டல்.

இதைப் பற்றி விளையாட்டு எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் கூறிய அறிவுரை நேர்மையானது. விளையாட்டு தொடங்கும்போது இப்போதைய அமைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுக்குவழியைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். முடியும்போது இருந்தபடியே திருப்பி வையுங்கள் என்பதே அது. மீண்டும் அதே இரவல் அறம். பள்ளியில் பலர் பகிரும் கணினியில் இந்த வசதியை நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து அமரப்போகும் பிள்ளைக்கு அது தேவைப்படலாம்.

9. நம் தமிழும் இதே வழியில்தான் வந்தது

தமிழ்த் தட்டச்சுக்கும் இவ்வரலாற்றுக்கும் உறவு உண்டு. ஆங்கில விசைப்பலகையில் தமிழ் வர வேண்டுமானால், விசைக்கும் நாம் எழுதும் நிரலுக்கும் இடையே ஒருவர் நின்று, வரும் செய்தியைப் பிடித்து மாற்றித் தர வேண்டும். விண்டோஸில் நம்மவர் பயன்படுத்திய உள்ளீட்டு நிரல்கள் பல அதைத்தான் செய்தன. நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சலைக் கொண்டு தமிழ் தட்டப் பழகிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். விசையை இடைமறிப்பது தவறு என்றால் கணினியில் தமிழ் வளர்ந்திருக்காது. எதற்காக இடைமறிக்கிறோம், பின்னர் எப்படி வழிவிடுகிறோம் என்பதே கேள்வி.

விளையாட்டு விசையின் இடத்தைக் கேட்கிறது. எழுத்தைக் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். தமிழ் உள்ளீட்டை இயக்கி வைத்தபடியே பிள்ளைகள் பல விளையாட்டுகளை இடரின்றி ஆட முடிவது இதனால்தான். வீரனை நகர்த்த அவர்கள் பயன்படுத்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் அவை முறையே ஈ, அ, இ, உ. தமிழ்99இல் உயிர் எழுத்துகள் இடக்கைக்கு உரியவை. நம் பிள்ளைகளின் இடக்கை விரல்கள் அந்த உயிர் எழுத்துகளின் மேல் நாள்தோறும் பயின்றுகொண்டிருக்கின்றன. தமிழ்த் தட்டச்சைத் தொடங்கும் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லியிருக்கிறேன், பயன் கண்டிருக்கிறேன்.

10. உலாவியும் எஸ்கேப் விசையும்

பின்னர் விளையாட்டுகள் உலாவிக்குள் வந்தன. இங்கே அச்சம் இரு மடங்கு. முன்பின் அறியாத இணையத்தளம் ஒன்று திரை முழுவதையும் எடுத்துக்கொண்டு, வங்கிப் பக்கம் போல் வரைந்து, நாம் தட்டும் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டால்? அதனால்தான் 2006இல் ஃபிளாஷ் முழுத்திரை வசதி பெற்றபோது, அந்நிலையில் எழுத்து விசைகளுக்கு இடம் தரவில்லை. 2012இல்தான் பயனரின் இசைவோடு முழு விசைப்பலகையும் கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு ஃபிளாஷின் காலம் முடிந்தது.

2018இல் குரோம் உலாவி, முழுத்திரையில் இருக்கும் இணையப் பக்கம் எஸ்கேப் உள்ளிட்ட விசைகளைத் தானே பெற்றுக்கொள்ள இடமளித்தது. கூடவே ஒரு நிபந்தனை: எஸ்கேப் விசையை அழுத்திச் சற்று நேரம் பிடித்திருந்தால் உலாவி முழுத்திரையை விட்டு வெளியே வந்துவிடும். அதைப் பக்கம் தடுக்க முடியாது. 36ஆம் முகவரியில் தொடங்கிய நீண்ட இழுபறி வந்து நின்ற இடம் இது. விளையாட்டுக்கு வேண்டியதைக் கொடுக்கலாம். வெளியே வரும் வழியை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது.

11. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பறைக்கும் வீட்டுக்கும் பயன்படும் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

அ) விளையாட்டைத் தொடங்கும் முன்னர், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமிக்கப் பழக்குங்கள். இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் பொருந்தும்.

ஆ) விளையாட்டு உறைந்தால் முதலில் எஸ்கேப். பிறகு ஆல்ட்-டேப். பிறகு ஆல்ட்-எஃப்4. அதன்பின் கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட். மேக் கணினியானால் கமாண்ட்-ஆப்ஷன்-எஸ்கேப். ஒவ்வொன்றுக்கும் இடையே சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும். மின்பொத்தான் கடைசி வழி.

இ) முழுத்திரையில் இருக்கும்போது கடவுச்சொல் கேட்கும் எதையும் நம்பக் கூடாது. வெளியே வந்து பார்த்த பின்னரே தட்ட வேண்டும்.

ஈ) "கணினியைக் கெடுத்துவிட்டாய்" என்று சொல்வதற்கு முன், "எந்த விசைகளை அழுத்தினாய்? திரையில் என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். பதிலை முழுமையாகக் கேளுங்கள்.

நான்காவதை நான் கற்றதற்கு விலை உண்டு. மறைந்து தோன்றும் அந்தப் பெட்டியைப் பற்றி நான் அறிந்தபோது அந்த மாணவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். ஒரு நாள் கடைத்தெருவில் அவன் தாயாரைக் கண்டேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று மகனிடம் கூறுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அன்னைக்கே வீட்டுல வந்து சொன்னான் சார். சார் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன், சார்தான் நம்பலன்னு" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த வாரம் கணினி அறையின் சுவரில் வெளியேறும் விசைகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதன் கடைசி வரியில், 'ஒன்றும் நடக்கவில்லை என்றால் மீண்டும் அழுத்தாதே. ஆசிரியரை அழை' என்று எழுதினேன். அழைத்த பிள்ளைகளிடம் கோபம் கொள்ளாமல் இருக்க இன்றுவரை முயன்று வருகிறேன்.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய நிகழ்வு ஏதேனும் நடந்திருந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை பேசிப் பாருங்கள். நாம் அறியாத ஒன்றை அவர்கள் கவனித்திருக்கக் கூடும்.